துணிக்கொடிக்கு மேலே கூழைக்கடா

சுந்தராம்பாளுக்கு மீன் வாடை ஆகாது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளியில் அவள் பிறந்த வீட்டில் கோழி அடிப்பார்கள், ஆடு அடிப்பார்கள், மீன் மட்டும் வாங்குவதில்லை. கல்யாணமான புதிதில் கணவன் மாணிக்கவாசகம் ஆசையாகக் காவிரி மீன் வாங்கி வந்தபோது, அதை வாசலிலேயே அடுப்பு மூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு, பல் விளக்கிய பிறகுதான் அவனால் வீட்டுக்குள் நுழைய முடிந்தது. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் அவள் பிழைப்பும் நடத்தினாள். துவைத்த துணியை மடிப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாடை அடித்தால் மறுபடி அலசப் போட்டுவிடுவாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தார்கள். அவன் சாரம் கட்டுகிற ஆள், அவள் சித்தாள். மகள் ஜீவிதா பிறந்த பிறகு இடுப்பு வலி வந்து கல் சுமக்க முடியவில்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் பச்சைத் துணிகளைத் துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அது இரண்டாயிற்று, பிறகு ஒரு லாட்ஜ், அப்புறம் இரண்டு கல்யாண மண்டபம், மூன்று ஹோம்ஸ்டே. இப்போது ரிங் ரோடுக்கு அந்தப் பக்கம், ஏரியை ஒட்டி ஒரு காலி மனை, தகரக் கூரை போட்ட இரண்டு அறை, மூன்று வாஷிங் மிஷின். மனையின் குறுக்கே பதினாலு கொடிகள். ஏரிக்காற்று நாள் முழுக்க வீசும். காலை எட்டு மணிக்குக் காயப்போட்ட படுக்கை விரிப்பு பதினோரு மணிக்கு மொடமொடவென்று ஆகிவிடும். இந்த இடம் கிடைத்ததைத் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாக அவள் நினைத்திருந்தாள்.

போன டிசம்பர் மாதம் இரண்டாவது வாரம், ஒரு காலையில், லாட்ஜ் விரிப்பு ஒன்றின் நடுவில் சொத்தென்று ஏதோ விழுந்தது. யாரோ சுண்ணாம்பைக் கரைத்து ஒரு செம்பு ஊற்றியது மாதிரி இருந்தது. வாடை வந்ததும் அவளுக்குக் குமட்டிவிட்டது. மீன்!

அண்ணாந்து பார்த்தாள். மனையின் கிழக்கு ஓரத்தில், ஏரிக்கரை மேல் நிற்கும் பெரிய புளியமரத்தில் பதினோரு பறவைகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் நாலு வயதுப் பிள்ளை உயரம். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, வளைந்த நீளக் கழுத்து, பிடரியில் வாராத தலைமுடி மாதிரி ஒரு சிலுப்பல். முக்கால் முழ நீளத்துக்கு அலகு. அதற்கடியில் தோலால் தைத்த பை மாதிரி ஒன்று தொங்கியது. அவ்வளவு கனமான உடம்பை அந்த மரக்கிளை எப்படித் தாங்குகிறது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது விரிப்பிலும் விழுந்தது.

ஜீவிதா பி.காம் இரண்டாம் வருஷம். அவள் வாயில் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "ஹெஜ்ஜார்லேமா இது. தமிழ்ல… கூழைக்கடாவாம். கடலோரத்துல, உப்பங்கழியில எல்லாம் நிறைய இருக்குமாம். ஏரிலயும் மீன் பிடிக்குமாம். மரத்துல கூட்டமா கூடு கட்டுமாம்."

"கடல் அத்தனை பெருசு கெடக்குதே, அங்கயே கட்டறதுதானே? என்ற கொடிக்கு மேல வந்துதான் கட்டோணுமா?"

"அதை அதுங்ககிட்ட கேளும்மா."

கேட்டுப் பார்த்தாள். தட்டைத் தட்டினாள், தகரத்தை அடித்தாள். தீபாவளிக்கு மிஞ்சின இரண்டு சரவெடியையும் கொளுத்தினாள். வெடிச் சத்தத்தில் பறவைகள் எழுந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, அவரவர் கிளையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டன. பக்கத்து வீட்டு லிங்கம்மாவின் எருமைதான் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்த லிங்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏனக்கா இது! பறவைக்கு வைத்த வெடியில் எனக்கு ஒரு வேளைப் பால் போச்சு" என்று கன்னடத்தில் சத்தம் போட்டாள். அதோடு வெடி நின்றது.

மாணிக்கவாசகம் எதற்கும் அவசரப்படாத ஆள். "நாலு நாள் பாரு புள்ள, தானா போயிரும்" என்றான். நாலு நாளில் பதினொன்று இருபத்தாறு ஆயிற்று. ஆண் பறவைகள் பக்கத்து மரங்களிலிருந்து குச்சி முறித்துக் கொண்டுவர, பெண் பறவைகள் வாங்கி அடுக்கின. புளியமரம் முழுக்கச் சுள்ளிக் கூடைகள் கவிழ்க்காமல் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

சுந்தராம்பாள் மரம் வெட்டும் கெம்பையனைக் கூட்டிவந்தாள். மனைப் பக்கம் நீண்ட நாலு கிளையை மட்டும் கழித்தால் போதும் என்று காட்டினாள். கெம்பையன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். முதல் கிளைக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். பிறகு ஏறின வழியே இறங்கிவிட்டான்.

"அக்கா, முட்டை வெச்சிருக்குது. ஒண்ணொண்ணிலயும் மூணு. நான் வெட்ட மாட்டேன்."

"கெம்பையண்ணா, நானென்ன மரத்தையா வெட்டச் சொன்னேன்? கிளைதானே?"

"முட்டை கிளையிலதான்க்கா இருக்குது. அதுவுமில்லாம, இந்தப் பறவை மேல கை வெச்சா ஃபாரஸ்ட்டுக்காரங்க என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க." வேலைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி நீட்டினான். டீக்காவது வைத்துக்கொள் என்று அவள் சொன்னதற்கும் கேட்கவில்லை.

வேறு வழி இல்லை என்று தெரிந்தபின் சுந்தராம்பாள் வேறு விதமாக இறங்கினாள். எதிரியைத் துரத்த முடியாவிட்டால் அவன் எப்போது வருவான், எப்போது போவான் என்றாவது தெரிந்துகொள்ளவேண்டுமே. துணி அலசிக்கொண்டே கவனித்தாள். விடிந்ததும் அவை கிளம்புவதில்லை. வெயில் ஏறித் தரை சூடாகிற வரைக்கும் மரத்திலேயே உட்கார்ந்து இறகைக் கோதும். ஒன்பதரை மணிவாக்கில் ஒவ்வொன்றாக எழும்பும். முதல் நாலைந்து சிறகடிப்புக்குத்தான் பாடு. அப்புறம் சூடான காற்றைப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், கழுத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வட்டம் வட்டமாக மேலே போகும். இந்தப் பருத்த உடம்புக்காரிகளா இப்படி மிதக்கிறார்கள் என்று இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் காவிரிக்குப் போகிறவை மதியம் தாண்டித் திரும்பும். ஏரியிலேயே மேய்கிறவை சீக்கிரம் வந்துவிடும்.

ஜோடியில் ஒன்று எப்போதும் கூட்டில் இருக்கும். இன்னொன்று வந்ததும் இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள், சத்தமே போடமாட்டார்கள். அத்தனை பெரிய பறவைக்குக் குரலே இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். எச்சம் போடுவது பெரும்பாலும் காலையில் கிளம்புவதற்கு முன்னாலும், வந்து இறங்கின கொஞ்ச நேரத்திலும்தான். கூட்டில் உட்கார்ந்தபடியே வாலை வெளியே நீட்டிக்கொள்வதால் கிளையின் விளிம்புக்கு நேர் கீழேதான் விழும்.

இவ்வளவு தெரிந்ததும் அவள் கொடிகளை மாற்றிக் கட்டினாள். மரத்தடியிலிருந்த ஐந்து கொடிகளில் பல் ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியும், கால்மிதியும், திரும்ப அலசினாலும் பாதகமில்லாத ஜமக்காளங்களும். வெள்ளை விரிப்பெல்லாம் மேற்கு ஓரத்துக்குப் போயிற்று. காலை எட்டு மணிக்குப் போட்டதை ஒன்பதரைக்குப் போட்டாள். ஒரு மாதத்தில் மறுபடி துவைக்க வேண்டியது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் மரத்தைப் பார்த்து அவள் திட்டுவது நிற்கவில்லை. தமிழில் திட்டினால் புரியாது என்று சில நாள் கன்னடத்திலும் திட்டினாள்.

ஜனவரி கடைசியில் குஞ்சு பொரித்தது. சத்தமில்லாத பறவைக்குப் பிறந்ததெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகள். முதல் பத்து நாள் தோல் மட்டும்தான். உரித்த கோழி மாதிரி இருந்தன. அப்புறம் உடம்பெங்கும் வெள்ளைப் பஞ்சு முளைத்தது. தாய் வந்து உட்கார்ந்து வாயைப் பிளக்க, குஞ்சு தலையைக் கழுத்துவரை அந்தப் பைக்குள் நுழைத்துத் தின்றது. முதல் தடவை பார்த்தபோது சுந்தராம்பாள், "ஐயோ, முழுங்குது!" என்று கத்திவிட்டாள். ஜீவிதா சிரித்துச் சிரித்து மிஷின் மேல் சாய்ந்தாள்.

தின்னும்போது தவறி விழுகிற மீன் வேறு. காலையில் மரத்தடியைப் பெருக்கினால் ஒரு முறம் சேரும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளி, குழி தோண்டிப் புதைப்பாள். அப்புறம் லிங்கம்மா தன் பூனைகளுக்கு என்று வாங்கிப் போக ஆரம்பித்தாள். எருமை விஷயத்தில் வந்த மனத்தாங்கல் அதில் தீர்ந்தது. பதிலுக்கு வாரம் இரண்டு நாள் தயிர் வந்தது.

மார்ச் வெயில் இந்த வருஷம் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. ஒரு மதியம் சுவரோரம் குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். மிகத் தாழ்ந்த கிளையில் இருந்த கூட்டில், அலகின் நுனி லேசாக உடைந்த ஒரு பறவை, வெயிலுக்கு முதுகைக் காட்டி இரண்டு இறக்கையையும் பாதி விரித்து நின்றது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். தாயின் அலகுப் பை படபடவென்று துடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு வேர்க்காது, அப்படித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்று பிற்பாடு தெரிந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தாள். அப்படியே நின்றது. நாலு மணிக்கு ஜோடி வந்த பிறகுதான் அது இடத்தைவிட்டு அசைந்தது.

கட்டடம் கட்டுகிற இடத்தில், கைக்குழந்தை ஜீவிதாவுக்குத் தொட்டில் கட்ட நிழல் இல்லாமல், சிமெண்ட் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற மதியங்கள் அவளுக்கு உண்டு. அன்று மாலை அவள் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோடை மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. முதலில் காற்று. புழுதி கிளம்பி ஏரியே தெரியவில்லை. சுந்தராம்பாளும் ஜீவிதாவும் கிளிப்பைப் பிடுங்கிப் பிடுங்கி விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அன்று வேலை இல்லாததால் மாணிக்கவாசகமும் வீட்டில் இருந்தான். மரத்தடியில், மண்டபத்தின் பெரிய ஜமக்காளம் ஒன்றை மூன்று கொடிகளின் மேல் பந்தல் மாதிரி விரித்துப் போட்டிருந்தார்கள். அதை எடுக்க அவள் ஓடுவதற்குள் மழை கொட்டித் தரை சேறாகிவிட்டது. கையை வைத்தபோது மேலே படாரென்று கிளை முறிந்தது. பெரிய வெள்ளை மூட்டை ஒன்று ஜமக்காளத்தில் வந்து விழுந்தது. கொடி ஒன்று அறுந்து, மூட்டை சரிந்து, அவள் காலடிச் சேற்றில் உருண்டது.

கூழைக்கடாக் குஞ்சு. குஞ்சென்று பேர்தான், நாலு கிலோ இருக்கும். பஞ்சுக்கு நடுவில் புது இறகு எட்டிப் பார்த்தது. எழுந்து நிற்கப் பார்த்து இடது கால் மடங்கி விழுந்தது. சுந்தராம்பாள் ஜமக்காளத்தாலேயே அதைச் சுற்றித் தூக்கினாள். அது தொண்டையிலிருந்து பாதி செரித்த மீனை அவள் மார்பு முழுக்கக் கக்கியது.

"கீழ போடு புள்ள!" என்று மாணிக்கவாசகம் கத்தினான்.

"பேசாம கதவைத் தொறங்க!"

உள்ளே கொண்டுபோய், கால்மிதிகளை அடுக்கி அதன்மேல் விட்டாள். பிறகுதான் வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

ஜீவிதா நாலைந்து இடத்துக்கு போன் போட்டு, கடைசியில் வனத்துறையில் பறவைகளைப் பார்த்துக்கொள்கிற மகேந்திரன் என்பவரைப் பிடித்தாள். மழை விட்டதும் பைக்கில் வந்தார். நடுவயது, மூக்குக்கண்ணாடி, பேச்சில் தமிழும் கன்னடமும் பாதிப் பாதி. குஞ்சின் காலைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு முறியலம்மா. சுளுக்கு. நேரா தரையில விழுந்திருந்தா போயிருக்கும்." மரத்தைப் பார்த்தார். கூடு இருந்த கிளையே இல்லை. அலகு நுனி உடைந்த அந்தத் தாய்ப் பறவை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டு குஞ்சுகள் ஏரியில் விழுந்து செத்துவிட்டன. "கீழே இருக்கிற குஞ்சுக்கு இதுங்க தீனி கொடுக்காதும்மா. எங்க இடத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனா இந்த சீசன்ல ஏற்கெனவே பதினைஞ்சு வந்திருக்கு, இடமில்ல. தாய் இருக்கிற மரத்தடியிலயே வளர்ந்தா நல்லது, கூட்டத்தோட சேர்ந்துக்கும். நீங்க பார்த்துக்கறீங்களா? ஆபீஸ்ல எழுதி அனுமதி வாங்கித் தரேன். வாரம் ஒருதரம் நான் வந்து பார்ப்பேன்."

மாணிக்கவாசகம் மனைவியைப் பார்த்தான். அவள் இன்னும் ஈரத் தலையோடு நின்றாள்.

"என்ன தின்னும் சார்?"

"மீன்தான். தினம் ஒரு கிலோ."

ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தராம்பாள் ஈர முந்தானையைப் பிழிந்தாள். "பார்த்துக்கறனுங்க சார்" என்றாள்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் மீன் விற்கிறவனிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே மீன் வாங்கினாள். ஜிலேபி மீன், உள்ளங்கை அளவு, ஒரு கிலோ. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பையை நீட்டினாள். முதல் நாள் குஞ்சு தின்ன மறுத்தது. இரண்டாம் நாள் அவள் ஒரு யோசனை செய்தாள். துணி அலசுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு மீனை அதில் போட்டாள். குஞ்சு அலகைத் தண்ணீருக்குள் விட்டது. பை பலூன் மாதிரி விரிந்து மீனும் தண்ணீருமாக அள்ளியது. அலகைக் கவிழ்த்துத் தண்ணீரை ஒழுகவிட்டு, அண்ணாந்து விழுங்கியது. சுந்தராம்பாள் தன்னையறியாமல் கை தட்டினாள்.

மாணிக்கவாசகம் வேலை செய்த இடத்தில் பழைய பச்சை வலை கிடந்தது. உயரமான கட்டடத்தில் ஆள் விழாமல் தாங்கக் கட்டுவது. மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்தான். சவுக்குக் கம்பு நட்டு, சாரம் கட்டுகிற அதே முடிச்சுப் போட்டு, மரத்துக்கடியில் ஆள் உயரத்துக்கு மேலே வலையைத் தொட்டில் மாதிரி விரித்துக் கட்டினான். ஞாயிறு ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை. மேலே இருந்தவர்கள் ஓயாமல் எச்சம் போட்டதில் மூன்று ஞாயிறு ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "நாப்பது மாடிக்குச் சாரம் கட்டியிருக்கறேன், இந்த மாதிரி ஒரு கட்டடத்தைப் பார்த்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்குவான்.

மே மாதக் காற்றில் இன்னும் நாலு குஞ்சுகள் விழுந்தன. நாலும் வலையில் விழுந்தன, ஒன்றுக்கும் அடி இல்லை. ஏணி வைத்துக் கீழ்க் கூடுகளில் இரண்டைத் திருப்பி விட முடிந்தது. மற்ற இரண்டும் சுந்தராம்பாளின் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. மகேந்திரன் இப்போது மீனுக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். வலை வந்ததில் துணிக்கும் லாபம்தான். எச்சத்தில் முக்கால்வாசி அதிலேயே தங்கியது. வாரம் ஒருதரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

முதல் குஞ்சின் கால் சரியாகிவிட்டது. மனை முழுக்க அசைந்து அசைந்து நடந்தது, கனமான பெண்பிள்ளை புதுச் செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி. காலையில் அவள் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கும். துணிக் கிளிப்பை மீன் என்று நினைத்து இரண்டு முறை விழுங்கி, இரண்டு முறையும் துப்பிவிட்டது. அதற்குப் பேர் வைக்கச் சொல்லி ஜீவிதா நச்சரித்தாள்.

"பேர் வெச்சா அப்புறம் போகையில அழுகை வரும். வேண்டாம் கண்ணு."

பேர் வைக்காமலே அழுகை வந்தது. மே கடைசியில் ஒரு காலை, பத்து மணி வெயிலில், துணி குறைவாக வந்ததால் காலியாக இருந்த மேற்குக் கொடி வரிசைக்கு நடுவே அது ஓட ஆரம்பித்தது. தினமும் ஓடி இறக்கையை அடித்துவிட்டு நிற்கும். அன்று நிற்கவில்லை. கால் தரையைவிட்டு எழும்பியது. லிங்கம்மாவின் தொழுவத்துக் கூரையை மயிரிழையில் தாண்டி, ஏரிக்கு மேலே போய், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அங்கே மிதந்த பத்துப் பன்னிரண்டு பறவைகளுக்கு நடுவில் தானும் ஒன்றாக நீந்தியது. அத்தனையும் ஒரே வரிசையாக அலகைத் தண்ணீருக்குள் விட்டபோது, இதுவும் விட்டது.

சுந்தராம்பாள் கரையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் வந்து நின்ற லிங்கம்மா, "ஹோகலி பிடக்கா, போகட்டும் விடு, பிழைத்துக்கொள்ளும்" என்றாள்.

"போகட்டும்னுதானே அக்கா வளர்த்தேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு சுந்தராம்பாள் மூக்கை உறிஞ்சினாள்.

மற்ற இரண்டும் ஜூனில் போயின. மழைக்காலம் தொடங்கியதும் மரம் காலியாயிற்று. அந்தச் சில மாதங்கள் வேலை சுலபமாகத்தான் இருந்தது. பதினாலு கொடியிலும் வெள்ளை விரிப்பு காய்ந்தது. அவளுக்கு என்னவோ காலை ஒன்பதரை மணி வந்தால் மட்டும் தலை தானாக மேலே போயிற்று.

இந்த நவம்பரில் லாட்ஜின் புது மேனேஜர் சுரேந்தர் துணி எடுக்க வந்தான். மரத்தடியில் புது வலையையும், அதற்குமேல் கிளையில் நாலு பறவைகள் சுள்ளியோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்துத் திகைத்தான்.

"அம்மா, இவ்ளோ பெரிய பறவை! துணியெல்லாம் நாசமாகாதா? வேற இடம் பார்க்கலையா?"

"அதுக ஒன்பதரைக்குப் போயிருமுங்க தம்பி. அப்புறந்தான் நான் வெள்ளை போடறது." மடித்த விரிப்பு ஒன்றை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க."

சுரேந்தர் முகர்ந்தான். தலையாட்டினான். சுந்தராம்பாள் துணிக்கட்டுகளை எடுத்து அவன் வண்டியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாவது பறவை ஒன்று ஏரிப்பக்கமிருந்து வருவதைப் பார்க்கப் போனாள்.